அந்தியூரில் குதிரைச் சந்தை

ஆடி பிறந்துவிட்டால் கலியாணப் பேச்சை ஒத்திப்போடுவது நம் வழக்கம். குதிரைப் பேச்சுக்கு மட்டும் அந்த நியதி இல்லை. ஈரோடு மாவட்டத்தில் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்திலே, குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டி, ஆடியில்தான் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுகின்றன. காது நுனிகள் உட்புறம் வளைந்து ஒன்றையொன்று தொடும் காத்தியவார், மார்வாரிக் குதிரைகள். வெள்ளை வெளேரென்ற நுக்ரா. வண்டிக்கு உதவும் மட்டக் குதிரைகள்! கால் மாற்றி நாட்டியமாடும் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். வாங்க வந்தவர் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை.

அவர் முதலில் குதிரையின் வாயைத் திறக்கிறார். பால்பற்கள் விழுந்து, முன்பற்கள் யாவும் நிலைத்திருந்தால் வயது ஐந்து. பல்லின் மேற்புறத்தில் ஒரு குழி உண்டு. கீழ்வரிசையில் நடுப்பற்களின் குழி ஆறு வயதில் தேயும்; அவற்றை அடுத்தவை ஏழில்; ஓரப்பற்கள் எட்டில். கிழக்குதிரையின் பல்லில் புதிதாகக் குழி குடைந்து கறுப்பேற்றும் சாமர்த்தியசாலிகளும் உலகில் உண்டு. அதனால் கண்ணையும் மூட்டுகளையும் பார்த்து, குளம்பைத் தூக்கித் தட்டி, ஓடவிட்டு நொண்டுகிறதா என்று கவனித்த பிறகே விலை பேசவேண்டும். உடம்பிலுள்ள சுழிகளையும் எண்ணுகிறார்கள். சுழியில் அதிர்ஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, விலையைக் குறைக்க அதைவிட நல்ல சாக்கு இல்லை.

இவ்வளவு ஜாக்கிரதை பாண்டிய மன்னர்களுக்கு இருந்திருந்தால்! 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தில் பாரசீக, அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததென்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் பொக்கிஷமே பணம் கொடுத்ததாம்! மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் வெனிஸ் யாத்ரீகர் மார்க்கோ போலோ. அவர் கூறும் காரணம்தான் நெஞ்சைச் சுடுகிறது: குதிரைக்கு லாடம் கட்டவும் வைத்தியம் செய்யவும் இங்கே ஆளில்லை. விற்ற வியாபாரிகளோ அத்தகைய வேலைக்காரர் எவரையும் இங்கே வரவிடவில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம்! சோற்றையும் மாமிசத்தையும் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். நம் தேசத்துப் பொன் கப்பலேறிப் போயிற்று. குதிரை வளர்க்கும் வித்தை மட்டும் கரையிறங்கவில்லை.

பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்தார் என்பது புராணம். அரசனுக்குக் கோபம் வந்தது நியாயமே. ஆனாலும் அந்தப் பொன்னாவது ஊரிலேயே தங்கியது.

புதுப்பாளையத்துக்குத் திரும்புவோம். அங்கே விலை முடிந்தபிறகும் விவரம் தெரிந்தவர் உடனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்புவதில்லை. இதுவரை என்ன தீனி, கொள்ளு எவ்வளவு, எந்த வேளைக்கு என்று விற்றவரையே கேட்கிறார். தீனியைத் திடீரென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்றுவலி கண்டுவிடும், உயிருக்கே அபாயம். இன்னும் பத்து நாளைக்குப் பழைய தீனியையே போட்டு, புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்கவேண்டும். அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.