இறுக்கத்தின் அளவு

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் தோட்டப் பாதைகளில் பழைய மொறிஸ் மைனர் கார்களை இன்றும் காணலாம். அலெக் இசிகோனிஸ் என்பாரின் வடிவமைப்பில் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்படவே, உள்ள காரையே பழுதுபார்த்து ஓட்டும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது. நள்ளிரவில் லயத்துக் காம்பராவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல, சில வேளைகளில் இத்தகைய காரே துணை. மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் அது கொதித்து நின்றுவிட்டால், விளைவு என்னாகும்?

இயந்திரம் புதிதாகப் பூட்டப்பட்டிருந்தும் இவ்வாறு நேர்வதுண்டு. நட்டுகளை இறுக்கிய முறையிலேயே பிழை இருக்கக்கூடும். 1956 முதல் மொறிஸ் மைனரில் பொருத்தப்பட்ட 948 சி.சி. இயந்திரத்தின் சிலிண்டர் ஹெட்டை 9 நட்டுகள் பிடித்து நிற்கின்றன. ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே உள்ள மெல்லிய கேஸ்கெட், எரியும் வாயுவையும் குளிர்விக்கும் நீரையும் பிரித்து வைக்கிறது. ஓரிடத்தில் இறுக்கம் குறைந்தால் அவ்வழியே வாயு கசியும். நீர் சிலிண்டருக்குள் புகும். ஒரு பக்கம் மட்டும் மிகுதியாக இறுகினால் ஹெட்டே வளைந்துவிடும்.

போல்ட் என்பது உண்மையில் வலிய வில்லைப் போன்றது. நட்டை முறுக்குந்தோறும் அது நூலிழையளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த விசையே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அளவு மீறி நீட்டினால் வில் தன் தன்மையை இழக்கும், மரையும் சிதையும். ஆகவே, "கைக்கு எட்டியமட்டும் இறுக்கு" என்பது நல்ல விதியன்று.

இந்த ஹெட் நட்டுகளுக்கு விதிக்கப்பட்ட அளவு 40 இறாத்தல்-அடி. அதாவது நட்டின் மையத்திலிருந்து 1 அடி தூரத்தில், ஸ்பெனருக்குச் செங்குத்தாக 40 இறாத்தல் விசையுடன் இழுப்பதாகும். கொழுந்து நிறுக்கும் வில் தராசை ஸ்பெனரின் நுனியில் மாட்டி இழுப்பதாக எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். 2 அடிக் கைப்பிடியாயின் 20 இறாத்தலே போதும். முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பெனர் இக்கணக்கைத் தானே செய்து தருகிறது.

எனினும் கருவியை மட்டும் நம்புதல் கூடாது. முறுக்கும் விசையில் 100க்கு ஏறத்தாழ 90 பங்கு உராய்விலேயே செலவாகிறது. எஞ்சிய சிறு பங்கே போல்ட்டை நீட்டுகிறது. துருவும் அழுக்கும் படிந்த மரையில், கருவி 40 என்று காட்டினாலும் பிடிப்பு குறைவாகவே இருக்கும். மாறாக, உலர்ந்த மரைக்கென விதித்த அளவை எண்ணெயிட்ட மரைக்குப் பயன்படுத்தினால் இறுக்கம் மிகும். எனவே மரையைத் துலக்கி, கைந்நூல் சொன்னபடியே எண்ணெயிடுதல் வேண்டும். போல்ட் இறங்கும் குருட்டுத் துளையில் எண்ணெயோ நீரோ தங்கியிருப்பின், அது அழுந்தி இரும்பையே பிளக்கக்கூடும்.

இறுக்குவதற்கும் வரிசை உண்டு. நடு நட்டில் தொடங்கி, இருபுறமும் மாறிமாறி வெளிநோக்கிச் செல்ல வேண்டும். முதலில் ஏறத்தாழ 15, அடுத்து 30, இறுதியில் 40 எனப் படிப்படியாக ஏற்றினால் கேஸ்கெட் சமமாகப் படியும். ஓரங்களை முதலில் இறுக்கினால் நடுவில் ஏற்படும் மேடு அமுங்காது.

சில நூறு மைல் ஓடியபின், இயந்திரம் ஆறியதும் இறுக்கத்தை மறுபடி சோதித்தல் நன்று. ஹெட் மேலும் படிந்தால் வால்வுகளின் இடைவெளி குறையும், அதனையும் 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடும்.

இவ்வேலைக்குப் பெரும் பலம் வேண்டியதில்லை. வரிசையை மறவாத பொறுமையும், அளவு வந்ததும் நிற்கும் கையுமே வேண்டும். அவ்வாறு பூட்டிய காரே, நள்ளிரவு ஏற்றத்தில் நோயாளியை நடுவழியில் விடாது கொண்டு சேர்க்கும்.