வீட்டு மீன் தொட்டியில் முளைப்பது பவளமா, வேறு எதுவுமா? தெரியாமல் வளர்த்தால் ஜெயில் வரை போகலாம்!

திருநெல்வேலியில் இருந்து தூத்துக்குடி சுமார் 50 கி.மீ.தான். வீட்டு ஹாலில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர் அங்கிருந்து மீன் மட்டும் வாங்கி வந்தால் பெரிய சிக்கல் இல்லை. கூடவே 'டேங்குக்கு அழகா இருக்கும்' என்று கடலில் எடுத்த ஒரு கல்லையும் தூக்கி வந்தால்தான் கதை ஆரம்பிக்கிறது.

மீன் வளர்ப்பவர்கள் அதை 'லைவ் ராக்' என்பார்கள். பார்க்க வெறும் ஓட்டைக் கல். தொட்டிக்குள் போட்டு, உப்பையும் வெளிச்சத்தையும் சரியாகக் கொடுத்து, சில வாரம் காத்திருந்தால் அதிலிருந்து ஏதேதோ முளைக்கும். பூ மாதிரி ஒன்று, புழு மாதிரி ஒன்று, ராத்திரி 'டிக்... டிக்...' என்று சத்தம் போடும் ஒன்று. இதில் எது என்ன என்று தெரிந்துகொள்வது பொழுதுபோக்குக்காக மட்டும் இல்லை. ஒன்று சட்டப் பிரச்னை, இன்னொன்று உயிர்ப் பிரச்னை.

பவளம் என்றால் எது?

நகைக்கடையில் விற்கும் சிவப்புப் பவளத்தை (சங்க காலத்தில் அதற்கு 'துகிர்' என்று பெயர்) இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பாறைகளைக் கட்டுவது வேறு இனம். அது செடியும் இல்லை, கல்லும் இல்லை. பாலிப் என்ற சின்னச் சின்ன விலங்குகள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பால் கட்டிக்கொள்ளும் அடுக்குமாடிக் குடியிருப்பு.

அடையாளம் பார்க்க நல்ல நேரம் ராத்திரிதான். விளக்கை அணைத்துவிட்டு சிவப்பு வெளிச்சம் உள்ள டார்ச்சை அடியுங்கள். பாலிப்கள் கைகளை நீட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கும். அந்தக் கைகள் ஆறு அல்லது ஆறின் மடங்காக இருந்து, அடியில் கெட்டியான கல் கிண்ணம் இருந்தால் அது பாறை கட்டும் கல் பவளம். எட்டுக் கைகள், ஒவ்வொன்றும் இறகு மாதிரி என்றால் மென் பவளம், கடல் விசிறி வகையறா. ஆறின் மடங்கில் கைகள் இருந்து, அடியில் கல்லே இல்லை, வெறும் சதை மட்டும் என்றால் அது கடல் அனிமோன் அல்லது அதன் சொந்தக்காரர்.

கல் மேல் பெயின்ட் அடித்ததுபோல ரோஸ், ஊதா நிறத்தில் படர்ந்தால்? அது பவளம் இல்லை, ஒருவகைச் சுண்ணாம்புப் பாசி. தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள்.

வைத்திருந்தால் என்ன தப்பு?

2001 ஜூலையில் மத்திய அரசு எல்லா வகைக் கல் பவளங்களையும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறிகளையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கும் அதே அட்டவணை! குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தபட்சம் 25 ஆயிரம் ரூபாய். உயிருள்ள பவளத்துக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஷோகேஸில் இருக்கும் வெள்ளை எலும்புக் கிளைக்கும் இதே சட்டம்தான்.

'இது நம்ம கடல் பவளம் இல்ல சார், இந்தோனேசியா சரக்கு' என்று கடைக்காரர் சொல்லலாம். இங்கேதான் கவனிக்க வேண்டும். அக்ரோபோரா, மான்டிபோரா, போரைட்டஸ் போன்ற இனங்கள் உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் வளர்க்கப்படுபவை. அதே இனங்கள் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன. வெறும் கண்ணால் பார்த்து எந்த நாட்டுக் கடலில் இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கு என்று வந்துவிட்டால் இந்தச் சட்டத்தின் 57-வது பிரிவு நமக்கு எதிராக நிற்கும். கையில் வைத்திருப்பது சட்டவிரோதம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது, வைத்திருப்பவரின் பொறுப்பு. கடைக்காரரின் வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அது முழுசாக நின்றதே 2005 வாக்கில்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே தேசியப் பூங்காவாக 1986-ல் அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில், விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்த பாறை போனால் தீவும் போகும்.

அழையா விருந்தாளிகள்

கல்லோடு ஒட்டிக்கொண்டு வருபவை எல்லாம் எதிரி இல்லை. இதைத் தெரியாமல் பலர் நல்லதையும் கொன்றுவிடுகிறார்கள்.

முதல் வில்லன் ஐப்டேசியா. கண்ணாடி மாதிரி பழுப்பு நிறத்தில், சின்னத் தென்னை மரம் போல நிற்கும் அனிமோன். பக்கத்தில் இருப்பதை எல்லாம் கொட்டும். கோபத்தில் பிய்த்து எடுத்தீர்களோ, போச்சு! கல்லில் தங்கிய துணுக்கு ஒவ்வொன்றும் தனி அனிமோனாக வளரும். கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலை சிரிஞ்சில் எடுத்து நேராக அதன் வாயில் விடுவதே பழக்கத்தில் உள்ள வழி. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதே வேதிப்பொருள்தான். ஆனா பெட்டிக்கடைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, தொட்டியில் போடாதீர்கள்.

உடம்பு முழுக்க முள்முடி உள்ள புழுவைப் பார்த்து அலற வேண்டாம். பெரும்பாலானவை மிச்சம் மீதி உணவைத் தின்று சுத்தம் செய்பவை. வெறும் கையால் தொட்டால் மட்டும் முடி குத்தி எரியும். குத்தினால் செலோ டேப்பை ஒட்டி உரித்து எடுக்கலாம்.

'டிக்' சத்தம் கேட்டால் இரண்டில் ஒன்று. பிஸ்டல் இறால் என்றால் பெரும்பாலும் சாது. மேன்டிஸ் இறால் என்றால் நத்தை, நண்டு, மீன் என ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். நண்டுகளிலும் இதே கதைதான். உடம்பெல்லாம் ரோமம், கறுப்பு நுனிக் கொடுக்கு என்றால் சந்தேகப்படுங்கள். ஆனா கடலில் பவளக் கிளைகளுக்குள்ளேயே குடியிருக்கும் டிராபீசியா என்ற குட்டி நண்டு, பவளத்தைத் தின்ன வரும் நட்சத்திர மீனையே கிள்ளி விரட்டும் காவல்காரன்.

தொடவே கூடாத 'பட்டன்'

கலர் கலராக, சட்டைப் பட்டன் சைஸில், கம்பளம் போலப் படரும் ஒன்று உண்டு. பெயர் சோவான்திட். கல் பவளம் இல்லை, கெட்டி எலும்பு கிடையாது. அழகிலும் விலையிலும் மயங்கி வாங்குவார்கள். இதில் சில வகைகளில், குறிப்பாக பாலித்தோவாவில், பாலிடாக்சின் இருக்கும். இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. முறிவு மருந்து கிடையாது.

2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுக்கும் சிகிச்சை தர வேண்டியதாயிற்று.

நம் வீடுகளில் எதைச் சுத்தம் செய்யவும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும் பழக்கம் உண்டே, அது இங்கே உயிருக்கே ஆபத்து. கல்லை வேக வைத்தால் நஞ்சு ஆவியோடு மூக்கில் ஏறும். காய வைத்துப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். தொட்டியில் கை வைத்த பிறகு காய்ச்சல், மூச்சுத்திணறல், கண் எரிச்சல், வாயில் உலோகக் கசப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மறக்காமல் 'பாலிடாக்சின்' என்ற வார்த்தையை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை தந்து அனுப்ப வாய்ப்பு அதிகம்.

'கடலிலேயே விட்டுடலாமே?'

தொட்டி சலித்துப்போனால் இந்த எண்ணம் வரும். திருச்செந்தூர் போகும்போது அப்படியே கடலில் விட்டால் புண்ணியம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். 1984-ல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சின்னத் திட்டாகத் தெரிந்த கௌலெர்பா பாசி, மீன் தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த வகை. அது மத்தியதரைக் கடலில் பல ஆயிரம் ஹெக்டேருக்குப் பரவியது. நம் ஊரிலும் பாடம் இருக்கிறது. மண்டபம் பகுதியில் தொழிலுக்காக வளர்த்த கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் போர்வையாகப் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

தாமிரபரணியில் விட்டால்? கடல் உயிர் நன்னீரில் பிழைக்காது, செத்து நாறும். நன்னீர்த் தொட்டி என்றால் நிலைமை தலைகீழ். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கிய சக்கர் மீன் தமிழ்நாட்டில் பல நீர்நிலைகளை ஆக்கிரமித்ததே இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதால்தான்.

வேண்டாத பாசி, அனிமோனை பிளீச்சிங் கரைசலில் ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு குப்பையில் போடலாம். சோவான்திட் என்றால் அதே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கல் பவளம் என்று சந்தேகம் வந்தால் அழிக்கவும் வேண்டாம், அடுத்தவருக்கு விற்கவும் வேண்டாம். வனத்துறையிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் கடல் கல்லுக்குப் பதில் செராமிக் அல்லது சிமென்ட் கல்லையும், பண்ணையில் பொரித்த கோமாளி மீனையும் கேட்டு வாங்கலாம். அந்த மீனைச் செயற்கையாகப் பொரிக்கும் தொழில்நுட்பம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே இருக்கிறது.