எந்த பட்டர் வாங்குறது? பிளேடா, மாலெட்டா?

இன்னைக்கு எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்லேர்ந்து ஆரம்பிக்குது. கோவையிலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், கால்ஃப் ஆட ஆரம்பிச்சு எட்டு மாசம். "அண்ணா, ஆறு மாசமா சேர்த்து 35,000 ரூபா வெச்சிருக்கேன். டைகர் வுட்ஸ் வெச்சிருக்கிற மாதிரி பிளேடு வாங்கவா, இல்ல இப்ப எல்லாரும் மாறிட்டிருக்கிற மாலெட் வாங்கவா? சனிக்கிழமை கடைக்குப் போறேன், அதுக்குள்ள சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தான்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இது பன்னுல தடவுற பட்டர் இல்ல. கிரீன் மேல பந்தை உருட்டிக் குழிக்குள்ள விடுறதுக்குன்னே இருக்கிற மட்டை. பிளேடுன்னா ஒல்லியா, பழைய ஸ்டைல்ல இருக்கிறது. மாலெட்னா பின்பக்கம் பெருசா, விண்கலம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கு. ஏன்னா இதே தப்பை நான் முழுக் காசு கொடுத்துப் பண்ணியிருக்கேன். மூணு வருஷம் முன்னாடி முதல் போனஸ் வந்ததும் ஒரு கடைக்குப் போய், பார்க்கவே அழகா இருந்த ஒரு பிளேடை எடுத்துட்டு வந்தேன். கடையில போட்டிருந்த கார்ப்பெட்ல நாலு பந்து உருட்டினேன், நாலும் உள்ள போச்சு. அடுத்த ஆறு மாசம் கோர்ஸ்ல அஞ்சு, ஆறு அடி பட் எல்லாம் வலது பக்கமாவே ஒழுகிட்டு இருந்துச்சு. ஆபீஸ் நாலு பேர் ஆட்டத்துல நான் பட்டரைக் கையில எடுத்தாலே மத்த மூணு பேரும் மரியாதையா வேற பக்கம் பார்ப்பாங்க. பட்டிங் எனக்கு வராதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

கணக்கு எவ்வளவு இறுக்கமானதுன்னு முதல்ல பார்த்துடலாம். குழியோட விட்டம் 108 மில்லிமீட்டர். அப்போ நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் 5.4 சென்டிமீட்டர். பத்து அடி தூரத்துலேர்ந்து பந்து ஒரே ஒரு டிகிரி தப்பாக் கிளம்பினா, குழிகிட்ட வரும்போது சுமார் 5.3 சென்டிமீட்டர் விலகியிருக்கும். அதாவது உங்க மொத்த பட்ஜெட்டே ஒரு டிகிரிதான். ஆறு அடியில கிட்டத்தட்ட 1.7 டிகிரி. வேகமாப் போற பந்து ஓரத்துல பட்டுச் சுத்திட்டு வெளிய வந்துடும்கிறதால, நிஜத்துல அதைவிடக் கம்மி. பந்து எந்தத் திசையில கிளம்புதுங்கிறதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது பட்டரோட முகம், படும் நொடியில அது எங்க பார்க்குதுங்கிறதுதான். கை போற பாதைக்குப் பங்கு கம்மி. அதனால சந்தையில இருக்கிற எல்லா வடிவமும் ஒரே கேள்விக்கான வேற வேற பதில்கள்தான்: அந்த முகத்தை எப்படி நேராக் கொண்டுவர்றது?

எனக்கு இது புரிஞ்சது ஒரு கேடி அண்ணனால. (போலீஸ் லிஸ்ட்ல இருக்கிற கேடி இல்லைங்க, பையைத் தூக்கிட்டு கூடவே வந்து ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிறவர்.) ஒரு நாள் ஒன்பதாவது குழியில மூணு அடி பட்டை விட்டுட்டு நான் நின்னுட்டிருந்தப்போ, "சார், அதை இப்படிக் குடுங்க"ன்னு வாங்கினார். தண்டை ஒரே விரல்மேல படுக்க வெச்சு பேலன்ஸ் பண்ணிக் காட்டினார். பட்டரோட மூக்கு, அதாவது டோ, நேராத் தரையைப் பார்த்துத் தொங்குச்சு. "இது வளைச்சு அடிக்கிறவங்க மட்டை சார். நீங்க நேரா இழுத்து நேரா அடிக்கிறீங்க. உங்களுக்கு இது மூடவே மூடாது" அப்படின்னார். ஆறு மாசத்து பக்கை முப்பது செகண்ட்ல கண்டுபிடிச்சுட்டார்.

அவர் சொன்னதோட உள்விவரம் இதுதான். பட்டர் தலையோட எடை மையம் தண்டோட கோட்டுலேர்ந்து டோ பக்கம் தள்ளியிருந்தா, நீங்க பந்தை நோக்கி முன்னாடி வீசும்போது டோ கொஞ்சம் பின்தங்கும். முகம் திறந்தே இருக்கும். அதை மூடுற வேலையை உங்க கையோட வளைவு செய்யணும். வளைவா அடிக்கிறவருக்கு அது இயல்பாவே நடந்துடும். என்னை மாதிரி நேரா அடிக்கிற வலது கைக்காரனுக்குப் பந்து வலது பக்கம் போகும். இதுக்கு எதிர்ப்பக்கம், விரல்மேல வெச்சா முகம் அப்படியே வானத்தைப் பார்க்கிற ரகம். அதுக்கு ஃபேஸ் பேலன்ஸ்டுன்னு பேரு. நேர் ஸ்ட்ரோக்காரங்களுக்கு ஒத்துவரும்னு பொதுவாச் சொல்வாங்க. இது விதி கிடையாது, ஆரம்பப் புள்ளி. இதை மீறி அருமையா ஆடுறவங்களும் இருக்காங்க.

இங்க எல்லாரும் குழம்புற இடம் ஒண்ணு: பிளேடுன்னா டோ தொங்கும், மாலெட்னா ஃபேஸ் பேலன்ஸ்டுன்னு நினைச்சுக்கிறது. அப்படி இல்ல. தொங்கல் பெரும்பாலும் தண்டு தலையில எங்க, எந்தக் கழுத்து வழியா சேருதுங்கிறதைப் பொறுத்தது. டோ தொங்குற மாலெட் நிறைய இருக்கு. வடிவம் தீர்க்கிறது வேற பிரச்சினை.

அந்தப் பிரச்சினை, நடுவுல படாத அடி. கழைக்கூத்தாடி கயித்துமேல நடக்கும்போது நீளமான கம்பு ஒண்ணைக் குறுக்க பிடிச்சிருப்பார் இல்லையா? எடை ரெண்டு பக்கமும் தள்ளித் தள்ளி இருக்கிறதால அது சட்டுன்னு சுழலாது, அவர் நிலைப்பார். பட்டர்லயும் அதேதான். எடையை மையத்துலேர்ந்து தள்ளி வெச்சா, பந்து ஓரத்துல பட்டாலும் தலை திரும்புறது குறையும், வேகமும் ரொம்ப விழாது. இதை பட்டருக்குள்ள கொண்டுவந்த ஆள் ஒரு இன்ஜினியர், அதனால எனக்குப் பெருமை. நார்வேயில பிறந்த கார்ஸ்டன் சோல்ஹைம், அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில வேலை பார்த்தவர். நாப்பது வயசுக்கு மேல ஆபீஸ் நண்பர்களோட கால்ஃப் ஆரம்பிச்சு, பட்டிங் வராம கடுப்பாகி, தானே ஒரு பட்டர் செஞ்சார். 1959ல வந்த அந்த முதல் மாடல் பந்தைத் தொட்டா 'பிங்'னு சத்தம் போடும். கம்பெனி பேரும் அதுவே ஆயிடுச்சு. 1966ல ஒரு இசைத்தட்டு உறைமேல அடுத்த ஐடியாவை வரைஞ்சார். அவர் மனைவி லூயிஸ் 'ஆன்சர்'னு பேர் வைக்கச் சொன்னாங்க. பட்டர்மேல பொறிக்க இடம் பத்தலைன்னு ஆங்கில ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்தைத் தூக்கிட்டாங்க. எடையை ரெண்டு ஓரத்துக்கும் தள்ளின அந்த பிளேடுலேர்ந்து வந்ததுதான் இன்னைக்கு நாம பார்க்கிற பாதி பிளேடு. டைகர் தன் 15 மேஜர்ல 14 ஜெயிச்ச ஸ்காட்டி கேமரூனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மாலெட், அதே யோசனையை இன்னும் பின்பக்கமா நீட்டினது.

இப்போ புதுசா ஒரு ரகம் ஓடிட்டிருக்கு, ஜீரோ டார்க். தண்டைப் பிடிச்சுத் தளர விட்டா டோ தொங்காது, முகம் வானத்துக்கும் திரும்பாது. அது பாட்டுக்கு நிக்கும். 2025 யூஎஸ் ஓப்பன்ல ஜே.ஜே. ஸ்பான் கடைசிக் குழியில 64 அடிக்கு மேல இருந்து உள்ள விட்டது இந்த ரகத்துலதான். ரெண்டு தடவை அடிச்சிருந்தாலே ஜெயிச்சிருப்பார், அது வேற கதை. நான் ஒரு ரவுண்டு கடன் வாங்கி ஆடிப் பார்த்தேன். திசை பிரமாதம். ஆனா தலை எங்க இருக்குன்னே கையில தெரியலை, தூரம் கன்னாபின்னான்னு போச்சு. பழகினா சரியாகலாம். எனக்குப் பொறுமை இல்ல.

"ஷெஃப்லர் மாலெட்டுக்கு மாறினதும்தான் ஜெயிச்சார்"னு தம்பி வாய்ஸ் நோட்ல சொல்லியிருந்தான். உண்மைதான், ஆனா பாதி. 2024 மார்ச்ல ஸ்காட்டி ஷெஃப்லர் மாலெட்டை எடுத்த முதல் வாரமே அஞ்சு ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சார். அடுத்த வாரம் பிளேயர்ஸ், ஏப்ரல்ல மாஸ்டர்ஸ். ஆனா அதுக்குச் சில மாசம் முன்னாடியே ஃபில் கென்யன்ங்கிற பட்டிங் கோச்சோட உட்கார்ந்து வேலையை ஆரம்பிச்சிருந்தார். ஒரே ரிலீஸ்ல ரெண்டு சேஞ்ச் போயிருக்கு. எது பக்கை சரி பண்ணுச்சுன்னு நாம வெளியில இருந்து சொல்ல முடியாது.

சரி தம்பி, உனக்கு வர்றேன். சனிக்கிழமைக்குள்ள மூணு வேலை இருக்கு. வீட்டுல டைல்ஸ் கோடுமேல பந்தை வெச்சு, இப்ப வெச்சிருக்கிற பட்டரால மெதுவா அடி. ஃபோனைப் பின்னாடி நிறுத்தி ஸ்லோ மோஷன்ல எடு. தலை கோட்டை விட்டு எவ்வளவு உள்ள வருதுன்னு பாரு. கொஞ்சம் வளைவு எல்லாருக்கும் இருக்கும், பட்டர் தண்டு செங்குத்துலேர்ந்து குறைஞ்சது 10 டிகிரி சாஞ்சிருக்கணும்னு விதியே இருக்கு. அடுத்து, பட்டர் முகத்துல லேசா டால்கம் பவுடர் பூசி இருபது தடவை அடி. தடம் ஒரே இடத்துல விழுந்தா பிளேடு உனக்கு ஒண்ணும் கெடுக்காது. இங்க அங்கன்னு சிதறினா மாலெட் காப்பாத்தும். கடைசியா, கோர்ஸ்ல ஆறு அடியிலேர்ந்து இருபது பட். இடது, வலது, குறைவு, அதிகம்னு நோட்ல எழுது. லாக் பார்க்காம ஃபிக்ஸ் போடாதே.

கடையில கார்ப்பெட்ல விழுந்ததை நம்பாதே, அது எல்லாருக்கும் விழும். விரல்மேல வெச்சுப் பாரு. நீளத்தையும் பாரு. நிறைய கடையில 34, 35 இன்ச்தான் நிக்கும். குனிஞ்சு நின்னா உன் கண்ணு பந்துக்கு மேலயோ கொஞ்சம் உள்பக்கமோ வரணும். என் ரெண்டாவது பட்டர் செகண்ட் ஹேண்ட் மாலெட், ஃபேஸ் பேலன்ஸ்டு, 33 இன்ச்சுக்கு வெட்டினது. வெட்டினதையும் சேர்த்து 9,000 ரூபா. வலது பக்கம் ஒழுகறது பெரும்பாலும் நின்னுடுச்சு. இருபது அடியில தூரம் இன்னும் தடுமாறுது, அதுக்கு மட்டை காரணமில்ல. லாக்ல 'குறைவு'தான் அதிகம்னா நீயும் காசை அப்படியே வெச்சுக்கோ.

என் பழைய பிளேடு என்னாச்சுன்னு கேப்பீங்க. அந்தக் கேடி அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன். அவர் ஸ்ட்ரோக் நல்ல வளைவு. போன வாரம் பிராக்டிஸ் கிரீன்ல அதே பட்டரால என்கிட்ட 200 ரூபா ஜெயிச்சுட்டு, "மட்டை நல்ல மட்டை சார்" அப்படின்னார்.