மூட்டைப்பூச்சி கொல்லாது, தவறான மருந்து கொல்லும்

அறந்தாங்கி, ஆலங்குடி, மணமேல்குடி பக்கம் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ ஆள் அனுப்பாத தெரு அபூர்வம். அங்கே வேலை, சாப்பாடு எப்படி என்று போனில் கேட்கிறோம். தூக்கம் எப்படி என்று கேட்டால், பலரிடமிருந்து வரும் பதில்: "ரூம்ல மூட்டைப்பூச்சி."

பத்துப் பேர் சேர்ந்து தங்கும் அறையில் இதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மூட்டைப்பூச்சி தேடி வருவது அழுக்கை அல்ல, ரத்தத்தை. துப்புரவான விடுதியிலும் அது இருக்கும்.

எங்கே ஒளியும்?

மூட்டைப்பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. பெட்டி, போர்வை, பழைய மெத்தை வழியாகவே அறைக்குள் வருகிறது. வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பகலில் மெத்தையின் தையல், அடுக்குக் கட்டிலின் மூட்டு, சுவர் விரிசல், சுவிட்ச் பெட்டியின் பின்புறம் என்று பதுங்கிவிடும். விரிப்பில் துருநிறக் கறை, தையலோரம் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள், உரித்துப்போட்ட தோல் ஆகியவை அடையாளங்கள்.

பெண் பூச்சி நாளுக்கு 1 முதல் 5 முட்டை வரை இடும். அவை 6 முதல் 10 நாளில் பொரியும். ரத்தம் குடிக்காமலே சில மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால், ஒரு மாத லீவில் ஊருக்கு வந்து திரும்புவதற்குள் செத்திருக்கும் என்று நம்ப முடியாது.

கடித்தால் என்ன ஆகும்?

மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அரிப்பு, தடிப்பு, தூக்கக்கேடு ஆகியவையே பெரும் தொல்லை. சிலருக்குக் கடித்த தடம் தெரியவே பல நாள் ஆகும். சொறிந்து புண்ணானால் சீழ் பிடிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். அரிப்பு தாங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் முழுக்கத் தடித்தாலோ மூச்சு திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சூடுதான் சரியான ஆயுதம்

துணி, விரிப்பு, தலையணை உறையை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டுங்கள். துவைத்ததை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். தெருவில் கிடக்கும் மெத்தையை எடுத்து வராதீர்கள்.

ஒரு கட்டிலுக்கு மட்டும் மருந்தடித்தால் பூச்சி அடுத்த கட்டிலுக்கு நகரும். அதனால் மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லி, உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரைக் கொண்டு அறை முழுவதும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும்.

அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்

தானிய மூட்டையில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நம் ஊர் விவசாயிகள் அறிவார்கள். வளைகுடாவில் சிலர் இதையே மூட்டைப்பூச்சிக்காக அறையில் வைத்துவிடுகிறார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை விடும். அந்த வாயு விரிசல், ஏசி குழாய் வழியே பக்கத்து வீட்டுக்கும் போகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பக்கத்து வீட்டில் வைத்த மாத்திரையால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நம் மாநிலத்திலும், 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர்.

பாஸ்பீனுக்கு முறிமருந்து கிடையாது. பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை, தலைவலி, வாந்தி, நெஞ்சு இறுக்கம் என்றால் உடனே எல்லோரும் வெளியேறுங்கள். பொருளை எடுக்க உள்ளே திரும்பாதீர்கள். ஆம்புலன்ஸ் எண்: சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, அமீரகத்தில் 998, இந்தியாவில் 108. மண்ணெண்ணெய் தெளிப்பதும் தீ விபத்துக்கு வழி.

கரப்பான் விஷயம் வேறு

கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும். அது உணவிலும் கிருமியைச் சேர்க்கும். இரவில் எச்சில் தட்டை விட்டுவைக்காதீர்கள். குழாய்க் கசிவை அடையுங்கள். ஸ்பிரேயை விட, இடுக்குகளில் வைக்கும் ஜெல் நல்ல பலன் தரும்.

ஊர் திரும்பும்போது

திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்த பெட்டியை நேரே படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மொட்டை மாடியில் திறந்து, துணிகளை வெந்நீரில் போடுங்கள். காலிப் பெட்டியை வெறுமனே வெயிலில் வைத்தால் பூச்சி நிழல் பக்கம் ஒதுங்கிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, நாள் முழுக்க உச்சி வெயிலில் வையுங்கள். உள்ளே 50 டிகிரியைத் தாண்டினால்தான் பலன். எனவே பிறகு தையல், ஜிப், சக்கர இடுக்குகளையும் பார்த்துவிடுங்கள்.

ஊரில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். "ரூம்ல மருந்து வெச்சாச்சு" என்று போனில் சொன்னால், என்ன மருந்து, யார் வைத்தது, எங்கே வாங்கியது என்று கேளுங்கள். மாத்திரை என்று பதில் வந்தால், அந்த நிமிடமே அறையை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.