ஏழடிப் பரிசலுக்கு ஓர் அச்சாரம்

"எத்தன பேரு ஏறுவீங்க?" என்பதுதான் பரிசல் கட்டும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி. விலையைப் பற்றி நாங்கள் வாயெடுப்பதற்கு முன்பே, திண்ணையில் உட்காரச் சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்த கையோடு அவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். துடுப்புப் போடப்போகிறவர் யார், அவருடைய கனம் என்ன, வலையை நின்றுகொண்டு வீசுவாரா, உட்கார்ந்தபடி விரித்துக்கொண்டே போவாரா, கரையிலிருந்து மேட்டுக்குத் தூக்கிச் செல்வது ஒற்றை ஆளா, இரண்டு பேரா, ராத்திரியில் அது கவிழ்ந்து கிடக்கப்போவது புளியமரத்து நிழலிலா, வெட்டவெளியிலா என்று அவர் ஒவ்வொன்றாய்க் கேட்கக் கேட்க, என் மைத்துனருக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, பரிசல் வாங்க வந்தமா, பொண்ணு பாக்க வந்தமா?" என்று என் காதோடு முணுமுணுத்தார். கிழவருக்குக் காது கூர்மை. "பொண்ணு குடுக்கறவன் நாலு வார்த்த கேக்கத்தானே செய்வான், தம்பி!" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார்.

எங்கள் ஊரின் பெயரில் இருப்பது ஏரியானாலும், இந்தப் பிரதேசத்தின் ஜாதகத்தை எழுதியது காவிரிதான். பிலிகுண்டுவில் இத்தனை கன அடியென்று அளக்கப்பட்டு, ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து புகையாய் எழுந்து, அந்த ஆவேசமெல்லாம் அடங்கிய பிறகு அது நாகமரைக்கு வந்து சேரும்போது நதியாக இராமல் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் வாலாக ஆகிவிடுகிறது. 1925 இல் தொடங்கி 1934 இல் முடிந்து, அன்றைய சென்னைக் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சூடிக்கொண்ட அந்த அணை, 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்கிக்கொண்டபோது, தஞ்சைக்குப் பாசனம் கிடைத்தது. இங்கே பல ஊர்கள் நீருக்கடியில் போயின. தண்ணீர் வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் மெல்லத் தலைகாட்டுவதைப் பார்க்க ஜனங்கள் கூட்டமாய்ப் போவார்கள். இக்கரையில் தருமபுரி ஜில்லாவின் நாகமரை, அக்கரையில் சேலம் ஜில்லாவின் பண்ணவாடி. அதைப் போலவே ஒட்டனூருக்கு எதிரே கோட்டையூர். சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறவனுக்கு அரைநாள் அலுப்பு. நீர்வழியாகப் போகிறவனுக்கோ வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் அக்கரை. ஆகையால் எங்கள் பக்கத்தில் பரிசல் என்பது உல்லாசப் பிரயாணிகளைச் சுற்றிக் காட்டும் வேடிக்கைப் பொருளன்று. மாட்டுவண்டியும் சைக்கிளும் எப்படியோ அப்படி, குடும்பச் சொத்து.

மீன்துறை உரிமத்தோடு தேக்கத்தில் வலை போடும் என் மைத்துனர் முதலில் விரும்பியது கண்ணாடியிழைப் பரிசலைத்தான். அது பளபளவென்று இருக்கும், உளுக்காது, தார் கேட்காது. அவரை மூங்கிலின் பக்கம் திருப்பிய பாவம் என்னுடையது. எனக்குக் கைத்தொழில்மீது அசட்டு பக்தி உண்டு என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று நான் சொன்ன காரணம் பக்தியன்று. பாறையில் மோதி அந்த வழவழப்பான பரிசலில் விரிசல் விழுந்தால், அதற்கான பசையையும் ஆளையும் தேடிக்கொண்டு பட்டணத்துக்குப் போகவேண்டும்; மூங்கில் பிளாச்சு ஒன்று முறிந்தால், அதைச் செருகியவரே நாலு மைலுக்குள் இருக்கிறார். பொருளோடு அதைச் செப்பனிடும் மனிதரும் கிடைக்கிறார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத விலை எப்படிச் சரியான விலையாகும்?

அவருடைய கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் மூங்கிலில் ஓர் அர்த்தம் இருந்தது என்பது போகப்போகத்தான் எங்களுக்குப் புலப்பட்டது. ஒகேனக்கல்லில் ஓடுகிற பரிசலானால், ஆழமில்லாத நீரில் பாறை முதுகுகளை உரசிக்கொண்டு போகவேண்டியிருப்பதால் அடிப்பின்னல் நெருக்கமாகவும் தடிப்பாகவும் இருக்கவேண்டுமாம். நாகமரையில் பாறை அவ்வளவாக இல்லை, ஆனால் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் தேக்கத்தில் அலை எழும்புகிறது, அதனால் பக்கச் சுவரை நாலு விரற்கடை உயர்த்தவேண்டுமாம். நின்று வலை வீசுகிறவருக்கு அகலம் வேண்டும்; ஒற்றை ஆளாய்த் தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகிறவருக்கு அகலம் ஆகாது. இவ்விரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஓரிடத்தில் என் மைத்துனருடைய பரிசல் இருக்கிறது என்பதுபோல், அவருடைய தோளையும் கையையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏழடி" என்றார் பெரியவர். முழக்கோலை எடுக்கவில்லை. அச்சாரம் கைமாறிற்று. அவர் சொன்ன விலையை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது அவரும் என் மைத்துனரும் ஒரு மணி நேரம் போராடிக் கண்ட சமாதானம், அதை அடுத்த வாடிக்கைக்காரருக்கு ஆயுதமாக்குவது நியாயமன்று.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. தேய்பிறைக்காகக் காத்திருக்கிறார் என்று தகவல் வந்தது. வளர்பிறையில் வெட்டிய மூங்கில் உளுத்துப்போகும் என்பது எங்கள் பக்கத்து விவசாயிகளின் பழைய சித்தாந்தம். மூங்கிலுக்குள் தங்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறது என்கிறது விஞ்ஞானம். அந்த வண்டு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆயினும் அதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. காட்டு மூங்கிலை இஷ்டம்போல வெட்டிவிடவும் முடியாது. 1927 ஆம் வருஷத்து வனச் சட்டம் மூங்கிலை மரமென்று வகைப்படுத்தி வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்த வகையிலிருந்து 2017 இல்தான் நீக்கினார்கள். புல் இனத்தைச் சேர்ந்த ஒன்று மரமல்ல என்று ஒப்புக்கொள்வதற்குச் சர்க்காருக்குத் தொண்ணூறு வருஷம் பிடித்திருக்கிறது. பதினைந்து நாளுக்கு நாங்கள் முகம் சுளிப்பதா?

மூங்கில் வந்து சேர்ந்த பிறகு வேலை நடந்த வேகமோ ஆச்சரியமானது. கணுவில் கொடுவாளை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், மேலிருந்து கீழ்வரை படபடவென்று பிளந்துகொண்டே போகிறது. அப்படிப் பிளந்ததை மறுபடியும் பிளந்து, உட்புறத்துச் சோற்றைச் சீவியெறிந்து, தோலோடு கூடிய பிளாச்சுகளை மட்டும் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். மண் தரையைச் சமமாகப் பெருக்கி, அதன்மேல் பிளாச்சுகளை மூன்று திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிப் பின்னிக்கொண்டு போகும்போது, நடுவே அறுகோணக் கண்கள் தேனடைபோல விழுகின்றன. அடிவட்டம் முடிந்தவுடன் அதன்மேல் பாறாங்கற்களைத் தூக்கி வைக்கிறார்கள். கல்லின் பாரத்தில் அடி அசையாமல் கிடக்க, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாச்சுகளை ஒவ்வொன்றாய் மேல்நோக்கி வளைத்து, சுற்றுப் பிளாச்சுகளால் பிணைத்துக்கொண்டு வரும் கட்டந்தான் மிகவும் கடினமானது. மூங்கில் வளைய விரும்புவதில்லை. பெரியவருடைய மகன் குதிகாலால் அதை மிதித்துப் பிடிக்க, பேரன் கயிற்றால் இழுக்க, அவர் மட்டும் அவசரமே இல்லாமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பிளாச்சு எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிளாச்சுகளை, கண்ணுக்கு யாதொரு குறையும் தெரியாதவற்றை, உருவி ஓரமாக எறிந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சத்தம் சரியில்ல, வாத்தியாரய்யா" என்றார்.

அந்தக் கூடை உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதன் வம்சாவளி நாம் நினைப்பதைவிட நீளமானது என்ற நினைவு வந்தது. புலவர்களுக்கு அரசர் கொடுக்கும் கொடைக்குப் பரிசில் என்று பெயர். நம் அகராதிகள் இந்த வட்டத் தோணிக்கும் அதே பரிசில் என்ற சொல்லைக் கொடுக்கின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் கற்பித்து ஒரு பிரசங்கம் செய்யலாம். செய்யாமல் விடுவதே உத்தமம். கன்னடத்தில் இது அரிகோல், தெலுங்கில் புட்டி. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த தொமிங்கோஸ் பயஸ் என்ற போர்த்துகீசியர், துங்கபத்திரையில் கூடைபோன்ற வட்டப் படகுகளில் பதினைந்து இருபது பேர் ஒருசேரக் கடப்பதைக் கண்டு, உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக அவை அமைந்திருப்பதையும், நேராகப் போகாமல் ஓயாமல் சுழல்வதையும் குறித்து வைத்தார். 1803 இல் மராட்டியர்மீது படையெடுத்துச் சென்ற ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு என்று பெயர் பெற்றவர், ஆறுகளைக் கடக்க இதே கூடைப் படகுகளைச் செய்யச் சொன்னார். நமது சென்னை மாகாணத்து மீன்துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், வேலை ஓய்ந்த பிறகு, தென்னிந்தியப் பரிசலையும் டைகிரிஸ் நதியின் குஃபாவையும் வேல்ஸ் தேசத்துக் கொராக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது, இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் ஹெரோடோடஸ் சொன்ன செய்திதான். ஆர்மீனியாவிலிருந்து வியாபாரிகள் வட்டப் படகில் சரக்கையும் ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு பாபிலோனுக்கு வருவார்களாம். சரக்கை விற்றபின், எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப இயலாதாகையால், படகின் எலும்புக்கூட்டை அங்கேயே விற்றுவிட்டு, போர்த்தியிருந்த தோலை மட்டும் கழுதைமேல் போட்டுக்கொண்டு தரைவழியாக ஊர் திரும்புவார்களாம். அவர்களுக்குத் தோல் விலையுயர்ந்தது, கூடு மலிவு. இன்று எங்கள் பெரியவர் கணக்கு நேர் தலைகீழ்: உரச்சாக்கும் பிளாஸ்டிக் படுதாவும் எங்கும் கிடைக்கின்றன, கூடுதான் கிடைப்பதில்லை, அதைக் கட்டுகிற கையும் கிடைப்பதில்லை.

தோல் போர்த்திய பரிசல்களை அவர் சிறுபிராயத்தில் பார்த்திருக்கிறார். மாட்டுத்தோலைத் தைத்துப் பொருத்தி எண்ணெய் காட்டி, ஒவ்வொரு நாளும் கரையேற்றிக் காயவைக்காவிட்டால் அது அழுகி நாறும் என்றார். தோலைத் தொடுகிறவனைத் தெருவுக்குள் விடாத ஆசாரசீலர்களும், வெள்ளம் வந்தால் அதே தோலின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டுதான் காவிரியைக் கடந்திருக்கவேண்டும். ஆற்றின் நடுவில் அவர்கள் ஆசாரத்தை எந்தக் கரையில் வைத்துவிட்டு வந்தார்களோ!

இந்தச் சமயத்தில் ஸிட்னியில் இருக்கும் என் தம்பி மகனுக்கு நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அவன் தொலைபேசியில் அழைத்தான். அவனும் அங்கே ஒரு தனிக் கைவினைஞரிடம் அலைமேல் நின்று சறுக்கும் நீளப் பலகை ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம். அந்த மனிதரும் இவனுடைய உயரம், எடை, எந்தக் கடற்கரை, எந்தக் கால் முன்னால் நிற்கும் என்றெல்லாம் கேட்டுக் குடைந்துவிட்டாராம். இத்தகைய பலகைக்கும் அங்கே ஒரு பழங்கதை உண்டு. 1914 ஆம் வருஷத்தில், அந்நாட்டுக் கோடையில், ஹவாய்த் தீவின் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு ஸிட்னிக்கு வந்தபோது, பலகை கையோடு கொண்டுவராததால், உள்ளூரிலே மரம் வாங்கித் தம் கையாலேயே செதுக்கி, ஃபிரெஷ்வாட்டர் கடற்கரை அலைகளின்மேல் நின்று காட்டினார். அந்தப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. "நம்ம பெரியவருகிட்ட எனக்கும் ஒண்ணு சொல்லுங்க பெரியப்பா" என்றான் பையன். சொன்னேன். "அலையில எவனாச்சும் நிப்பானா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் தார் காய்ச்சப் போய்விட்டார்.

தார் காய்ச்சுகிற நாளில் அந்தத் தெருவிலே ஒருவரும் வாசலில் உட்கார முடியாது. கவிழ்த்துப் போட்ட கூட்டின்மேல் படுதாவை இழுத்துக் கட்டி, விளிம்பில் செருகித் தைத்து, கொதிக்கும் தாரைக் குச்சியில் சுற்றிய சாக்குத் துணியால் பூசிக்கொண்டு போனார்கள். மறுநாள் சாயங்காலம், பரிசல் தயார் என்று சேதி வந்தது. அதற்கடுத்த நாள் என் மைத்துனர் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நாகமரைத் துறைக்கு நடந்தபோது, பின்னால் வந்த எனக்கு இரண்டு கால் முளைத்த ஓர் ஆமை போவதாகத்தான் தோன்றியது.

தண்ணீரில் விட்டதும் முதலில் ஏறியது பெரியவர். துடுப்பை எடுக்கவில்லை. நடுவிலே சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அடிப்பின்னலில் வைத்து, கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கிழக்குப் பக்கத்தில் ஓரிடத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, மகனை நோக்கி, "இங்க ஒரு கை தாரு" என்றார். எங்கள் கண்ணுக்கு அங்கே ஈரமே தெரியவில்லை. கரையேற்றி, பூசி, காயவைத்து, மறுபடி இறக்க வெயில் தாழ்ந்துவிட்டது. என் மைத்துனர் ஏறினார். முன்விளிம்பில் குந்தித் துடுப்பை வீசினார். பரிசல் அவரை மதிக்காமல் மூன்று சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. "தண்ணிய உன் பக்கமா இழு தம்பி, தள்ளாத!" என்று கரையிலிருந்து குரல் வந்தது. நாலாவது தரம் அது நேராகப் போயிற்று.

பாக்கிப் பணத்தை எண்ணிக்கூடப் பாராமல் இடுப்பில் செருகிக்கொண்ட பெரியவர், மறுநாள் காலை நான் போனபோது, சத்தம் சரியில்லை என்று அன்று ஒதுக்கிப் போட்ட பிளாச்சுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அதே அறுகோணப் பின்னலில் கோழி கவிழ்க்கும் கூடை ஒன்று முடைந்துகொண்டிருந்தார். யாருக்கென்று கேட்டேன்.

"பேத்திக்கு. எத்தன குஞ்சு வச்சிருக்கான்னு இன்னும் கேக்கல."