பட்டாபிராமிலிருந்து பவளப்பாறை பார்க்க

ஸ்நார்க்கெலிங் என்றால் முகத்தை நீரில் வைத்து, வாயில் ஒரு குழாயைக் கவ்வியபடி மிதந்துகொண்டே கீழே இருப்பதைப் பார்ப்பது. முத்துக் குளிப்பவர்போல் மூச்சடக்கி மூழ்க வேண்டியதில்லை. ஆனால் பட்டாபிராமிலிருந்து லோக்கல் ரயிலேறி மெரினாவுக்குப் போய் இதைச் செய்ய முடியாது. அங்கே அலை மணலைக் கலக்கிக்கொண்டே இருக்கும், எதுவும் தெரியாது. இழுவையும் ஆளைக் கொல்லும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற இடம் ராமேஸ்வரம். தீவின் வடக்கே இருக்கும் பாக் கடலை உள்ளூரில் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே மாறும். எனவே எந்தப் பக்கம் இறங்குவது என்பதை விடுதிக்காரரைவிட மீனவரிடம் கேட்பது நல்லது. வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே போகக் கூடாது. செலவு கட்டுப்படியானால் அந்தமானின் ஸ்வராஜ் தீவு இன்னும் தெளிவான கடல்.

கருவிகளில் மாஸ்க்குக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும் என்பேன். வாடகை மாஸ்க்கில் நீர் கசிந்து, பாதி நேரம் அதைத் துடைப்பதிலேயே போய்விடும். கடையிலேயே சோதிக்கலாம்: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு நீர் கசியும். மூக்கை ஒட்டியுள்ள மேல் வரிசையைக் கொஞ்சம் கத்தரித்தால் பெரும்பாலும் சரியாகும். கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. நீச்சல் கண்ணாடி உதவாது. அது மூக்கை மூடாததால் மூச்சு விட்டு உள்ளழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது. புது மாஸ்க்கின் உட்புறத்தைப் பற்பசை தடவித் தேய்த்துக் கழுவுங்கள். தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் போனால்தான் ஆவி படிவது குறையும்.

குழாய் ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். நீளமான குழாயில் நீங்கள் விட்ட கெட்ட காற்றே தங்கி, மறுபடி உள்ளே வரும். வீட்டில் பைப்பை வெட்டி ஒட்டிச் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம்.

இதில் உண்மையான சவால் மூச்சு. வாயால் மட்டுமே தொடர்ந்து மூச்சு விடுவது நமக்குப் பழக்கமில்லை. முதல் சில நிமிடங்களில் மனம் பதறி மூச்சு வேகமாகும். களைப்பும் பயமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஊருக்குக் கிளம்பும் முன் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் நீச்சல்குளம் ஒன்றில், இடுப்பளவு நீரில் நின்று முகத்தை மட்டும் அமிழ்த்திப் பழகுங்கள். ஏரியிலும் கிணற்றிலும் வேண்டாம். நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விட வேண்டும். குழாயில் தண்ணீர் புகுந்தால் ஊதுகுழலில் ஊதுவதுபோல் ஒரே வேகத்தில் ஊதுங்கள், வெளியேறிவிடும். இது கைவந்தால் கடலில் பாதிப் பயம் போய்விடும்.

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் அணியுங்கள். தனியாக இறங்காதீர்கள். முதுகில் வெயில் ஏறுவது நீருக்குள் உறைக்காது என்பதால் முழுக்கை நீச்சல் சட்டை அவசியம். சன்ஸ்கிரீனைவிட அது நல்லது: பவளத்தைப் பாதிப்பதாகக் கருதப்படும் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடுத்துவிட்டது.

நீருக்குள் எல்லாம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருப்பதைவிட அருகிலும் தெரியும். பவளம் எட்டிவிடும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் கையை நீட்டாதீர்கள், காலை ஊன்றாதீர்கள். அது கல் அல்ல, உயிர்களின் கூட்டம். நினைவுக்கு ஒரு துண்டு எடுத்துவருவதும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.