அறிக்கையும் வார்த்தைப்பாடும்

கத்தோலிக்கத் தமிழில் 'விசுவாச அறிக்கை' என்பது ஒரு வழக்கு. 'துறவற வார்த்தைப்பாடு' என்பது மற்றொரு வழக்கு. கேட்போர்க்கு இவை தொடர்பற்றனவாகவே தோன்றும். இலத்தீனிலோ இரண்டிற்கும் 'புரொபெசியோ' என்னும் ஒரே சொல்லே வழங்குகிறது. பலரறிய வெளிப்பட மொழிதல் என்பது அதன் பொருள். இவ்வொருமையைத் தமிழாக்கம் இழந்தது என்றே கூறல் வேண்டும்.

விசுவாச அறிக்கை எல்லார்க்கும் உரியது. கி.பி. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்களின் வழி உருப்பெற்ற அறிக்கையை ஞாயிறு வழிபாட்டில் மக்கள் எழுந்து நின்று மொழிவர்.

வார்த்தைப்பாடோ, விரும்பி முன்வருவார்க்கே உரியது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்றினை இறைவனுக்கு நேர்ந்து, திருச்சபையின் பெயரால் தலைவர் ஏற்க, வெளிப்படையாக மொழிவதே அது. குருக்கள் அனைவரும் இம்மூன்றையும் ஏற்றவர் எனக் கருதுவார் நம்மிடையே பலர். அது பிழை. மறைமாவட்டக் குருக்கள் மணத்துறவையும் ஆயர்க்குக் கீழ்ப்படிதலையும் வாக்களிப்பரேயன்றி, ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரோ இயேசு சபைத் துறவி. எனவே மூன்றிற்கும் கட்டுப்பட்டவர்.

இங்கு ஓர் ஐயம் எழும். திருமுழுக்கில் ஒருமுறை தம்மை இறைவனுக்கு அளித்தவர் மீண்டும் எதை அளிப்பது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவறம் பற்றி வெளியிட்ட ஆணை இதற்கு விடை பகர்கிறது. துறவியின் அர்ப்பணம் திருமுழுக்கு அர்ப்பணத்தில் வேரூன்றி, அதனையே மேலும் நிறைவாக வெளிப்படுத்துவது என்பது அதன் கருத்து. எனவே துறவிக்கெனத் தனி விசுவாசம் இல்லை. நாவால் மொழிந்த அதே விசுவாசத்தை உடைமை, உடல், விருப்பம் ஆகிய மூன்றின்மீதும் அவர் ஏற்றுக்கொள்கிறார்.

சுமை பெரிதாதலின் சட்டமும் விழிப்பாயிருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டேனும் நவதுறவுப் பயிற்சி பெறாதவரின் வார்த்தைப்பாடு செல்லாது. பதினெட்டு வயது நிறைந்திருத்தல் வேண்டும். முதலில் கொடுப்பது தற்காலிகமானது. பொதுவிதிப்படி மூன்றாண்டிற்குக் குறையாது, ஆறாண்டிற்கு மிகாது. நித்திய வார்த்தைப்பாட்டிற்கு இருபத்தொரு வயது நிரம்பவேண்டும். வன்முறை, பேரச்சம், வஞ்சகம் ஆகியவற்றால் பெறப்பட்டதாயின் அது வார்த்தைப்பாடே அன்று. பெற்றோர் நெருக்குதலால் மடம் புகுந்தோர் கதைகளைப் படித்தார்க்கு இவ்விதியின் அருமை புலப்படும்.

நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தபின் விலகவிரும்புவோர் மிகக் கடுமையான காரணம் காட்டவேண்டும். திருத்தந்தையின் நேர் ஆட்சிக்குட்பட்ட சபையாயின் உரோமையின் இசைவும் வேண்டும். இசைவு பெற்றார் துறவறக் கடமைகளினின்று விடுபடுவர். ஞாயிறுதோறும் மற்ற மக்களோடு நின்று விசுவாச அறிக்கை மொழிவர்.